கவரிங்

செருப்பு விடுகிற இடத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அந்த மின்னஞ்சலைத் திறந்திருக்கக் கூடாது என்று உலகம்மாளுக்குத் தோன்றியபோது திறந்தாகிவிட்டது, படித்தாகிவிட்டது, ஒரு செருப்பு மட்டும் இன்னும் காலில் இருந்தது. போலந்திலிருந்து யாரோ ஓர் ஆராய்ச்சி மாணவி. பெயரை வாசித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். மன்னிக்கவும், நேரமிருந்தால், உங்கள் இருவருடைய அழகான கட்டுரையில் என்றெல்லாம் முறையாகக் கும்பிடு போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: பதினோராம் பக்கத்தில், கீழ்வெளியில் ஒன்றுமில்லாமல் போகிற வளையம் மேல்வெளியிலும் ஒன்றுமில்லாமல் போகும், இது தெளிவு என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டு துளை உள்ள பரப்பில் அது எப்படித் தெளிவு? அவ்வளவுதான். காலையில் இட்லித் தட்டை இறக்கும்போது போன் ஒரு முறை நடுங்கியது அவளுக்கு நினைவு வந்தது. எவனாவது மாநாட்டுக்குக் கூப்பிடுவான் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் கணவன் நாதன் பெங்களூர் விடுதி அறையிலிருந்து கூப்பிட்டான், நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்று கேட்டான், சாக்பீஸ் தூள் தெரியாது, வெள்ளையே போடு என்றாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். மின்னஞ்சல் முதலில், சட்டை பிறகு. அவள்தான் சட்டையை முதலிலும் மின்னஞ்சலைப் பிறகும் ஆக்கிவிட்டாள். இப்போது கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். மறுபடி கூப்பிட்டாள். நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் என்று ஒரு பெண் குரல் சாவகாசமாக ஆரம்பித்தது. வாடிக்கையாளர் இந்நேரம் தேர்வுக் குழுவின் முன்னால் பலகை ஓரம் நின்றுகொண்டிருப்பார். அந்தக் கட்டுரையைத்தான், தேற்றத்துக்கு முட்டுக்கொடுக்கிற அந்தப் பதினோராம் பக்கத்து லெம்மாவைத்தான் எழுதிக் காட்டப் போகிறார். நாற்பத்து மூன்று வயது. இதை விட்டால் இனி எந்த ஆராய்ச்சி நிறுவனமும் அவனைக் கூப்பிடப் போவதில்லை, ஓய்வு பெறும்வரை அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பையன்களுக்கு வகைநுண்கணிதம் சொல்லிக்கொண்டு, வராண்டாவில் சத்தம் போடுகிறவர்களை விரட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

“ஏ உலகு, அங்கனயே நின்னு போனப் பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? நேரம் போவுதுல்லா” என்று உள்ளே இருந்து மாமியார் செண்பகவடிவு குரல் கொடுத்தாள். வாரேன் அத்தை என்று மற்றச் செருப்பையும் உதறிவிட்டு உள்ளே போனாள். மடிப்பாக்கத்துச் சின்னக் கோயில். நடுவில் இரும்புக் கம்பிக்குள் நவக்கிரகங்கள், எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துப்போய், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு. மகன் அங்கே பலகைக்கு முன்னால் நிற்கிற நேரத்தில் இங்கே ஒன்பது சுற்று சுற்ற வேண்டும் என்பது அத்தையின் ஏற்பாடு. ஏழு சுற்று வலமாக, ராகுவுக்கும் கேதுவுக்கும் இரண்டு இடமாக. அங்கே குழுவிலும் ஒன்பது பேர் என்று நாதன் சொல்லியிருந்தான், அவர்களும் இப்படித்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்களாயிருக்கும். கல்யாணமான புதிதில் உலகம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், ஏழு அப்படி ரெண்டு இப்படின்னா மொத்தம் அஞ்சு சுத்துதானே அத்தை கணக்கு என்று கேட்டுவிட்டாள். “கழிக்கதுக்கா சுத்துதோம்? கூறுகெட்டவளே, அது வேற, இது வேற” என்று அத்தை முறைத்தாள். அத்தை சொன்னதுதான் தப்பு. ஒரே ஒரு தடையைச் சுற்றுகிறவரை ஏழில் இரண்டு போனால் ஐந்துதான், அதில் எந்தக் கிரகமும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஐந்தை நம்பித்தான் உலகம்மாள் இருபது வருஷம் பிழைப்பு நடத்தியிருக்கிறாள்.

முதல் சுற்று. கல் சில்லென்றிருந்தது, அங்கங்கே எண்ணெய் வழுக்கியது. குருக்கள் விளக்குகளை ஒதுக்கி வைத்துக்கொண்டே, “அம்மா, திரியை இந்தப் பக்கமா பார்த்து வையுங்கோ. என்ன விசேஷம் இன்னிக்கு?” என்றார். “எம் மகனுக்கு இண்டர்வியூ. பெங்களூர்ல. பெரிய வாத்தியார் வேலை. இவளும் அவனுமாச் சேந்து கவரிங்ல ஆராய்ச்சி பண்ணியிருக்காவ” என்றாள் அத்தை பெருமையாக. “கவரிங்கா? நகைத் தொழிலா?” “அதெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. வெளிநாட்டுலல்லாம் படிக்காவளாம்.” எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது, அது கவரிங் ஸ்பேஸ் அத்தை, நகையில்லை என்று. கல்யாண வீடுகளில் பெண்கள் உலகம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, வளையல் எத்தனை வருஷத்தில் கறுக்கும் என்று கேட்பார்கள். அத்தையின் கழுத்தில் கிடக்கிற இரட்டைவடச் சங்கிலியும் கவரிங்தான், அசல் லாக்கரில் இருக்கிறது. ஏன் அத்தை இதைப் போட்டுக்கொண்டு என்றால், “கவரிங்னு எனக்குத் தெரியும். பாக்கவனுக்குத் தெரியவா போவுது?” என்பாள். பார்க்கிறவனுக்குத் தெரியவா போகிறது. இரண்டாவது சுற்றில் சனீஸ்வரனின் கறுப்புத் துணியைத் தாண்டும்போது இந்த வாக்கியம் வந்து பிடித்துக்கொண்டது, மூன்றாவதிலும் அதே இடத்தில் வந்தது. ஒன்பது பேருக்கும் தெரியாமலே போகலாம். பதினோராம் பக்கத்தை யார் பார்க்கிறார்கள், முன்னுரையைப் பார்ப்பார்கள், கடைசித் தேற்றத்தைப் பார்ப்பார்கள், நடுவில் தெளிவு என்று போட்டிருந்தால் தாண்டிப் போவார்கள். கணக்குக்காரர்களின் மரியாதை அது.

“இது எத்தனாவதுளா?” என்றாள் அத்தை. நாலு என்றாள் உலகம்மாள், நாலா மூன்றா என்று அவளுக்கே தெரியவில்லை. எண்ணிக்கையைத் தானாகவே வைத்துக்கொள்கிற இடம்தான் மேல்வெளி, அதாவது கவரிங் ஸ்பேஸ். அவர்கள் குடியிருக்கிற அடுக்குமாடியில் எல்லாத் தளத்திலும் அதே மஞ்சள் சுவர், அதே கதவு, அதே பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். ஒரு முறை படி ஏறிக்கொண்டே யோசித்ததில் ஒரு மாடி கூடுதலாக ஏறிப்போய் யார் வீட்டுப் பூட்டிலோ சாவியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள், உள்ளே இருந்த மனிதர் கையில் துடைப்பத்தோடு கதவைத் திறந்தார். மேலிருந்து ஒருவன் பார்த்தால் அவள் புறப்பட்ட புள்ளிக்கே வந்து நிற்கிறாள், படிக்கட்டுக்குத்தான் தெரியும் அவள் வேறு தளத்தில் நிற்கிறாள் என்று. கலப்பெண்களில் சமன்பாடுகளைத் தீர்க்கப் போனால் கிடைக்கிற வடிவங்கள் கீழே, அவற்றின் மேல் இப்படித் தளம் தளமாக எண்ணற்ற பிரதிகள் மேலே, அந்த மேல்வெளியில் எத்தனை வளையங்கள் உண்மையில் மிஞ்சும் என்று எண்ணுவது அவளும் நாதனும் எட்டு வருஷமாகச் செய்த வேலை. எண்ணுவதற்கு ஹோமாலஜி. அது கொஞ்சம் மறதிக்காரக் கணக்கு. இதைச் சுற்றினாயா, எத்தனை தரம், அதைச் சுற்றினாயா, எத்தனை தரம், அவ்வளவுதான் கேட்கும். எதை முதலில் சுற்றினாய், எதைப் பிறகு என்று கேட்காது. அந்த மறதியை அவள் நேசித்தாள். வருஷங்களுக்கு முன்னால் அவளும் நாதனும் ஒரே வேலைக்கு விண்ணப்பம் போட்டார்கள், அவளை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள், அவனைப் பிறகு கூப்பிட்டார்கள், அவன் உள்ளே போனபோது தலைவர் சிரித்துக்கொண்டே ஒரு வீட்டுக்கு ஒரு வேலை போதாதா என்று கேட்டாராம். வரிசை மாறியிருந்தால் பொறியியல் கல்லூரியில் இவள் நின்றிருப்பாள். ஆனால் கூட்டிப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு வேலைதானே, அவளா அவனா என்பதில் என்ன இருக்கிறது என்று அவளால் நினைத்துக்கொள்ள முடிந்தது. வேலை கிடைத்தவளுக்கு அப்படி நினைப்பது சுலபம்.

அவன் சந்தேகப்பட்டான். அதுதான் நெஞ்சை அறுக்கிறது, நாதன் சந்தேகப்பட்டான். மழைக்காலம் முழுக்க அந்த ஒரு லெம்மாவுக்காகச் சண்டை. சாப்பிடும்போது சண்டை, துணி காயப்போடும்போது சண்டை. எனக்கு அது உறைக்கல உலகு, மேல போனா வரிசை முக்கியமாயிரும்னு தோணுது என்பான். ஒரு சாயங்காலம் அவளுடைய நிறுவனத்து கேண்டீனில் பொறுமையிழந்து அவன் தட்டிலிருந்த மெதுவடையை எடுத்து, அதன் மேல் விரலால் ஓட்டிக் காட்டினாள். “பாரு, துளையைச் சுத்தி ஒரு தரம் போ. அப்புறம் துளைக்குள்ள விட்டுக் குறுக்க ஒரு தரம். இப்ப மாத்தி, முதல்ல குறுக்க, அப்புறம் சுத்தி. ஒண்ணை நகத்தி ஒண்ணாக்கிரலாம். தெளிவா இருக்கா இல்லையா?” அவன் வடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் ஒரு களைப்பு வந்தது, அதை அவள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள். நீ தெளிவுன்னா தெளிவுதான் என்று சொல்லிவிட்டு வடையை வாங்கிப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். சோற்றுக்கு அது சரி. ஒரு துளை வடையில் பதம் பார்த்துவிட்டு உலகத்திலுள்ள அத்தனை வடிவத்துக்கும் வெந்துவிட்டது என்று இறக்கிவிட்டாள். இரண்டு துளை இருந்தால்? இரண்டு துளை வடையை எந்தக் கேண்டீனிலும் போட மாட்டார்கள் என்பதனால் அது இல்லாமல் போய்விடுமா?

ஆறாவதோ ஏழாவதோ முடிந்தது. அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தாள். “செத்த நிக்கேன். ரெண்டு பாக்கி இருக்கு, நீயும் நில்லு” என்றாள். உலகம்மாள் நிற்கவில்லை. கம்பிக்கூண்டுக்கு ஐந்தடி தள்ளி அரசமரம், அடியில் மஞ்சள் பூசின நாகர் சிலைகள், கிளையில் சின்னச் சின்னத் தொட்டில்கள். ஒரு தடை, இன்னொரு தடை. இரண்டு துளை. முந்தானையிலிருந்து ஒரு நூல் பிரிந்து இந்தத் தூணில் கட்டியிருப்பதாக வைத்துக்கொண்டாள். நவக்கிரகத்தை வலமாக ஒரு சுற்று. நூல் கூடவே வருகிறது. அரசமரத்தை வலமாக ஒரு சுற்று. இப்போது நவக்கிரகத்தை இடமாக. சரி, முதலாவது கழிந்ததா? கழியவில்லை, நடுவில் மரத்துச் சுற்று நின்று மறிக்கிறது. மரத்தை இடமாக. தூணுக்கு வந்து நின்றாள். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். இந்தப் பெண் எங்கும் போகவேயில்லை என்று ஹோமாலஜி சத்தியம் செய்யும். நூலை இழுத்துப் பார், வராது. கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. மேல்வெளியில் ஏறிப்போனால் புறப்பட்ட தளத்துக்கே, புறப்பட்ட கதவுக்கே திரும்பி வந்து வளையமாக மூடியும்விடும், ஆனால் அங்கே அது பூஜ்யமில்லை. இழுக்க இழுக்க இறுகும். அதுவும் ஒன்றல்ல, தளத்துக்கு ஒன்றாக எண்ணற்றவை. சரிதான் என்று அவளுக்குள் எதுவோ உட்கார்ந்துவிட்டது. போலந்துக்காரி சொன்னதுதான் சரி, நாதன் சந்தேகப்பட்டதுதான் சரி, லெம்மா பொய், தேற்றம் அதன் தலையில் நிற்கிறது. “ஏளா!” அத்தை தூணிலிருந்து நிமிர்ந்திருந்தாள். குரல் தணிந்திருந்தது. “மரத்த எதுக்குச் சுத்துத?” கிளையில் தொட்டில்கள் காற்றில் ஆடின. அத்தையின் கண்கள் அவற்றைப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தன. “நா உன்ன அதப்பத்தி ஒரு வார்த்த கேட்டிருக்கனா தாயி, இத்தன வருசத்துல? இந்த வயசுல அதுக்குப் போயி… அதுவும் இடமாச் சுத்துதியே, அது ஆகாதுல்லா” என்றாள். அதில்லை அத்தை என்று வாய்வரை வந்தது. எது என்று சொல்வது? அத்தை அவள் கையைப் பிடித்துத் தூணோரம் உட்கார வைத்தாள். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்னும் ஐந்து முறை கூப்பிட்டாள். வாடிக்கையாளர், வாடிக்கையாளர். அந்த நிறுவனத்து அலுவலகத்துக்குப் போன் போட்டு என்ன சொல்வது? உள்ளே பேசிக்கொண்டிருக்கிறவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், பதினோராம் பக்கத்தில் என் தப்பு இருக்கிறது என்றா? இந்நேரம் எந்தப் பக்கத்தில் இருப்பான்? அவன் எழுத்துக் கோணலாக மேல்நோக்கி ஏறும், பலகையின் வலது மூலைக்குப் போவதற்குள் தலைக்கு மேல் போய்விடும், எட்டி எட்டி எழுதுவான். யாராவது இடையில் கேட்டால் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யோசிப்பான், பிறகு சாக்பீஸைத் தேடுவான். லெம்மாவுக்கு வரும்போது ஒரு கணம் நிற்பானா? அவனுக்குள் அந்தப் பழைய சந்தேகம் தலை தூக்குமா? தூக்கினால் அங்கேயே உடைந்துபோவான், தூக்காவிட்டால் பொய்யை நிரூபித்துவிட்டு வருவான். இதில் எது நடக்க வேண்டும் என்று இந்த ஒன்பது பேரிடமும் வேண்டிக்கொள்வது? கேட்காமலிருக்கட்டும், யாரும் கேட்காமலிருக்கட்டும் என்று உதடு தானாக முணுமுணுத்தது. வெட்கமாயிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க சாமியைத் துணைக்குக் கூப்பிடுகிறாள், அதுவும் நம்பாத சாமியை. சரிசெய்துவிடலாம், ஒரு நிபந்தனை கூட்டிப் போட்டால், இரண்டு துளை உள்ளவற்றை விலக்கிவிட்டால் என்று மூளை ஒரு பக்கம் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தது. விலக்கினால் மிஞ்சுவது வடை. வடையைப் பற்றி எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

போன் அவள் மடியிலேயே அடித்தது. நாதன்.

“முடிஞ்சுது உலகு” என்றான். மூச்சு வாங்கியது, எங்கோ வெளியில் நடந்துகொண்டே பேசுகிறான், காக்கைச் சத்தம் கேட்டது. “நல்லாப் போச்சு. இவ்வளவு நல்லா நான் பேசுனதே இல்ல.” அப்படீங்களா என்றாள். “என்ன நீங்க போட்டுப் பேசுத? அம்மா பக்கத்துல நிக்காளா?” சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. “கேளு. ஒரு பெரியவரு, நம்ம லெம்மாகிட்ட வந்ததும் நிறுத்திட்டாரு. மேல போனா வரிசை முக்கியமாயிராதான்னு கேட்டாரு. நான் கேட்டேம்லா, அதே கேள்வி, அதே வார்த்தை. நான் சாக்பீஸச் சட்டைப்பையில போட்டுட்டேன்.” என்ன சொன்னீங்க என்றாள். “உள்ளதச் சொன்னேன். சார், எனக்கும் இதே சந்தேகம் இருந்துச்சு, ஒரு மழைக்காலம் பூரா என் வீட்டுக்காரிகூடச் சண்ட போட்டேன், அவ தெளிவுன்னுட்டா. அவ தெளிவுன்னா தெளிவுதான், இதுவரைக்கும் தப்புனது இல்லன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அந்தப் பெரியவரும் சிரிச்சாரு. உலகம்மாள் பார்த்திருந்தா சரியாத்தான் இருக்கும், மேல போங்கன்னாரு. உன் பேருக்கு அவ்வளவு மரியாதை.” கம்பிக்குள் ஒரு விளக்கு படபடத்து அணைந்தது. குருக்கள் வந்து அதை ஏற்றுவதை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். “சாப்பிடக் கூட்டிட்டுப் போறாங்க. சாப்பாடு முடிஞ்சதும் சொல்லிருவாங்களாம். தலைவரு தோள்ல கைபோட்டுத்தான் பேசுனாரு. உலகு, கெடைச்சிரும்னு நினைக்கேன்.” பிறகு, “ஆமா, போனப் போட்டதும் இத்தன மிஸ்டு கால்னு மெசேஜ் வருது, என்னத்துக்கு? அம்மாவுக்கு ஒண்ணுமில்லல்லா? ஏதோ சொல்ல வந்தியோ?”

சொன்னால் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். இலையில் கை நனைக்க மாட்டான். அந்தப் பைத்தியக்காரன் சட்டைப்பையில் சாக்பீஸோடு திரும்பிப் போய், தலைவரின் தோள்கையை விலக்கி, சார், அந்த லெம்மா தப்பு என்று சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு ராத்திரி ரயிலில் வந்து சேர்ந்து, உனக்கு எப்ப தெரியும் என்றுகூடக் கேட்க மாட்டான். சொல்லாவிட்டால் வேலை கிடைக்கும், சாயங்காலத்துக்குள் போலந்துக்காரிக்கு எதையாவது எழுதியாக வேண்டும், கொஞ்ச நாளில் ஊருக்கெல்லாம் தெரியும், அன்றைக்கு அவன் இந்தக் காலையை எண்ணிப் பார்ப்பான், முதலில் எது, பிறகு எது என்று. சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வதும் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வதும் கூட்டிப் பார்த்தால் ஒரே வாக்கியம்தான். ஒன்றில்லை, இரண்டும் ஒன்றேயில்லை. “உலகு? கேக்குதா?” என்றான். “குடு, நா பேசுதேன், சாமிக்குச் சொல்லணும்லா” என்று அத்தை கையை நீட்டினாள். உலகம்மாள் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டாள். அதைக் கொடுத்தது முடிவு செய்து அல்ல, கை நீண்டது, கொடுத்தாள்.

“ஏல, நல்லாச் சொன்னியால? சாப்ட்டியா? இரு, ராகுவுக்கும் கேதுவுக்கும் ரெண்டு பாக்கி கெடக்கு, என் முட்டு வரமாட்டேங்கு, இவ சுத்தட்டும்” என்று அத்தை போனுக்குள் கத்தினாள். உலகம்மாள் எழுந்தாள். இடமாகச் சுற்ற ஆரம்பித்தாள். எதிரே வந்த பெண் வழிவிட்டாள். சனீஸ்வரன் இப்போது முதலில் வந்தார், செவ்வாய் பிறகு. ஒவ்வொரு அடிக்கும் எதுவோ அவிழும் என்பது போலப் பாதத்தை அழுத்தி வைத்தாள், கேண்டீன் வரைக்கும் போய்விடலாம், அவன் தட்டிலிருந்த வடையை எடுக்காமல் விட்டுவிடலாம், வேண்டாம், இட்லித் தட்டு வரைக்கும் போனால் போதும், போன் நடுங்கும்போது ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துவிடலாம். கல் சில்லென்றுதான் இருந்தது. “ஏளா உலகு, எதுக்கு இத்தன தடவ கூப்ட்டன்னு கேக்கான்” என்றாள் அத்தை தூணிலிருந்து. சுத்து முடியட்டும் அத்தை, சொல்லுதேன்னு சொல்லுங்க என்றாள். “சுத்து முடியட்டுமாம்ல, லைன்லயே இரு.” ராகு முடிந்தது. கேது. தூண் வந்தது. அத்தை போனை நீட்டிக்கொண்டு நின்றாள், உள்ளே அவன் எதையோ சொல்லிச் சிரிப்பது பொடியாகக் கேட்டது, அத்தையின் கழுத்தில் அந்தச் சங்கிலி அசலைப் போலவே மின்னியது. உலகம்மாள் அவளைத் தாண்டிப் போனாள். “ஏ, ரெண்டு முடிஞ்சிட்டுளா. நில்லு. ஏளா, இது யாருக்கு?” என்று அத்தை கூப்பிட்டாள். உலகம்மாள் சனீஸ்வரனைக் கடந்து நடந்துகொண்டிருந்தாள்.